உப்புக்கு மேலே மிதக்கிற நல்ல தண்ணி



போன ஆவணியில நாலு நாள் ராமேஸ்வரம் தீவுக்குப் போயிட்டு வந்தோம். மல்லி நாத்து வாங்கப் போனது. கோயிலும் கடலும் கூடவே கிடைச்சுது. போட்டோ போடுங்கன்னு நம்ம பசங்க கேக்குறாங்க. கோயில் கோபுரமும் கடலும் எல்லாரும் போடுறதுதான். அந்தத் தீவுல எனக்கு மனசுல நின்னது தண்ணி. கடல் தண்ணி இல்லைங்க, குடிக்கிற தண்ணி. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

எங்க மூக்கண்டப்பள்ளி முன்னே தனி ஊராட்சி. இப்போ ஓசூர் மாநகராட்சிக்குள்ளே இருக்குது. சிப்காட் வந்த பிறகு வீட்டுக்கு ஒருத்தராவது கம்பெனிக்குப் போறாங்க. எதிர் வீட்டுப் பையன் ஒருத்தன் மிஷின் ட்ரெயினிங்னு சீனா போயிட்டு வந்தான். கடைசி ரெண்டு நாள் லீவுல கூட வேலை செய்யிறவங்க அவனை ஹைனான் தீவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. சீனாவோட தெக்குக் கோடியில இருக்கிற தீவு. சான்யான்னு கடற்கரை ஊர். செல்போன்ல காட்டினான். வெள்ளை மணல், வரிசையா தென்னை மரம், வானத்துக்கு நிக்கிற ஓட்டலுங்க.

"நம்ம பக்கம் இப்படி ஒரு தீவு, பீச் இருக்குதா மாமா?"ன்னான்.

"அங்கே நெல் வயல் ஏதாவது பார்த்தியாடா?"ன்னு நான் கேட்டேன்.

"வயலா? ரிசார்ட்டை விட்டு வெளியவே வரல மாமா."

எனக்கு ஹைனான்னா ஞாபகம் வர்றது நெல்லுதான். யுவான் லாங்பிங்னு சீனாவுல ஒரு நெல் விஞ்ஞானி இருந்தார். 2021-ல இறந்துட்டார். ஒட்டு நெல் உண்டாக்கணும்னு 1964-ல இருந்து முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தவர். 1970 நவம்பர்ல, இந்தச் சான்யா பக்கத்துல ஒரு பண்ணைக்கு ஒட்டின சேத்து நிலத்துல, அவரோட உதவியாளரும் அந்தப் பண்ணைக்காரர் ஒருத்தரும் ஒரு காட்டு நெல்லைக் கண்டுபிடிச்சாங்க. மகரந்தம் கெட்டுப்போன ஆண் மலட்டு நெல். சாதாரண ஆள் பார்த்தா களைன்னு பிடுங்கிப் போட்டுடுவான். அந்த ஒரு செடி வழியாத்தான் சீனாவோட ஒட்டு நெல் வந்துது. நம்ம நாட்டு ஒட்டு நெல்லுலயும் பெரும்பாலானது அந்த வழிதான். இப்பவும் குளிர்காலத்துல சீனாவோட விதை ஆராய்ச்சிக்காரங்க அந்தத் தீவுக்குப் போய் ஒரு போகம் எடுக்குறாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, தீவுக்குப் போறவங்க கடலைப் பார்ப்பாங்க. நம்மள மாதிரி ஆளு எங்கே போனாலும் முதல்ல தரையைத்தான் பார்க்குறோம். நானும் அப்படித்தான் பார்த்துட்டு வந்தேன்.

இனி நம்ம கதைக்கு வர்றேன். எனக்கு இருக்குறது 1 ஏக்கர் 70 சென்ட். மூணு பக்கமும் பிளாட்டும் ஷெட்டும் வந்தாச்சு. எங்கப்பா காலத்துக் கிணறு 60 அடி. நான் சின்னப் பையனா இருக்கும்போது அதுல கவலை ஓட்டினாங்க. இப்போ அதுல வேப்பஞ்செடி முளைச்சிருக்குது. முதல் போர் 350 அடி, அது நின்னு வருஷக்கணக்காச்சு. இப்போ ஓடுறது 850 அடி போர். ஒன்றரை இஞ்ச் தண்ணி ரெண்டு மணி நேரம் வரும், அப்புறம் காத்துதான். அதுல ராகி, அவரை, கொஞ்சம் தக்காளி, கொத்தமல்லி.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின வாரம் டேங்கர் லாரி வெச்சிருக்கிற ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். மரியாதையாத்தான் பேசினார். "அண்ணா, இன்னொரு போர் 1,200 அடிக்கு என் செலவுல போட்டுத் தர்றேன். தண்ணி வந்தா மாசம் 25,000 ரூபா உங்க கைக்கு. நிலம் உங்களுது, பயிர் நீங்க பண்ணிக்கோங்க. ராத்திரியில மட்டும் நான் லோடு எடுத்துக்குறேன்"னார். அபார்ட்மெண்ட்டுக்கும் கம்பெனிக்கும் தண்ணி போற காலம் இது. எங்க பொண்ணு நர்சிங் படிக்குது. காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். 1 ஏக்கர் 70 சென்ட்ல எந்தப் பயிர் வெச்சாலும் மாசம் 25,000 நிக்காது. வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தது எனக்குத் தெரியும். ஊருக்குப் போயிட்டு வந்து சொல்றேன்னு அவர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பினோம்.

மல்லி யோசனை மச்சானோடது. என் வீட்டுக்காரம்மாவோட தம்பி, காவேரிப்பட்டணம் பக்கம் குண்டுமல்லி வெச்சிருக்கார். "மாமா, தக்காளியை நம்பி எத்தனை வருஷம் ஓட்டுவீங்க? 30 சென்ட் மல்லி வைங்க. தினமும் கைக்குக் காசு வரும். சொட்டு நீர் போட்டா உங்க போர் தண்ணியே போதும்"னார். நாத்து எங்கே வாங்குறதுன்னு கேட்டேன். "தங்கச்சிமடம்தான், வேற எங்கே?"ன்னார்.

நம்மில் பல பேருக்கு இது தெரியாது. தங்கச்சிமடம் ராமேஸ்வரம் தீவுக்குள்ளே இருக்கிற ஊரு. குண்டுமல்லி நாத்துக்கு அதுதான் தாய்வீடு மாதிரி. மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, பேரு மதுரைக்கு. ஆனா மதுரை, திண்டுக்கல் பக்கம் நடுற நாத்துல நிறைய இந்தத் தீவு மணல்ல வேர் விட்டு வர்றதுதான். ராமநாதபுரம் குண்டுமல்லின்னே ரகத்துக்குப் பேரு. மச்சான் தோட்டத்துச் செடியும் அங்கே இருந்து வந்ததுதான்.

மூணு பேரும் ஓசூர்ல ராத்திரி பஸ் ஏறினோம். சேலம், மதுரை, ராமநாதபுரம்னு மாறி மாறி, மறுநாள் உச்சி வேளைக்குப் பாம்பன் வந்தோம். ரோடு பாலம் 1988-ல திறந்தது. அதுக்கு முன்னே ரயிலை விட்டா தீவுக்கு வழி படகுதான். ரோடு பாலத்துல பஸ் போகும்போது பக்கத்துல ரெண்டு ரயில் பாலம் தெரிஞ்சுது. 1914-ல கட்டின பழசு ஒண்ணு, 2025 ஏப்ரல்ல திறந்த புதுசு ஒண்ணு. பழைய பாலம் ஓடின காலத்துல அதோட நடுப்பகுதி ரெண்டு கையா பிரிஞ்சு கப்பலுக்கு வழி விட்டுது. புதுசுல நடுவுல இருக்கிற 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகுது. பஸ்ஸுல இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கமா எழுந்து நின்னாங்க. நானும்தான்.

பாலம் தாண்டி கொஞ்ச தூரத்துல தங்கச்சிமடம். ரோட்டை விட்டு உள்ளே போனா தென்னையும் பனையுமா நிழல். கால் வெச்சா புதையிற மணல். அந்த மணல்ல பாத்தி கட்டி, விரல் நீளத்துக்கு வெட்டின மல்லிக் குச்சிங்களை நெருக்கமா நட்டு வெச்சிருக்காங்க. எங்க செம்மண்ணுல இப்படி நெருக்கமா நட்டுத் தண்ணி விட்டா பாதி அழுகிப் போகும். அங்கே மணல் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்காது, ஈரத்தை மட்டும் வெச்சுக்குது. கடல் காத்துல குளிரும் இல்ல, வறண்ட சூடும் இல்ல. குச்சி நிம்மதியா வேர் விடுது. பிடுங்கும்போதும் மணல் உதிர்ந்துடும், வேர் அறுந்து போகாது. கட்டுக்கட்டா கட்டி, ஈரச் சாக்குல சுத்திக் கொடுத்துடுறாங்க. பெரிய மண் உருண்டையைத் தூக்கிட்டு வர்ற வேலையே இல்ல.

நாத்துக்காரர் என் வயசு ஆளு. நான் பாத்தியைப் பார்த்ததை விட அவரோட கிணத்தைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். சிமெண்ட் உறை இறக்கின கிணறு. எட்டிப் பார்த்தா நம்ம ஆள் உயரம் ரெண்டு இருக்கும், அவ்வளவுதான். அடியில தெளிஞ்ச தண்ணி. கூப்பிடு தூரத்துல கடல்.

"அண்ணே, இது உப்பு கரிக்காதா?"ன்னு கேட்டேன்.

"குடிச்சுப் பாருங்கண்ணே"ன்னு வாளியில இறைச்சுக் கொடுத்தார்.

இளநி மாதிரி இருந்துதுன்னு சொன்னா பொய். ஆனா நல்ல தண்ணி. எங்க 850 அடி போர் தண்ணியை விட நல்லா இருந்துது. எங்களுது பாத்திரத்துல வெள்ளைப் படிமம் கட்டும்.

"இன்னும் பத்து அடி இறக்கிட்டா நிறைய வருமே?"ன்னு மச்சான் கேட்டார்.

அவர் சிரிச்சார். "இறக்கினா கடல் வரும் தம்பி. காலையில அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம். அதுக்கு மேலே இறைச்சா மறுநாளே தண்ணி கரிக்கும். கரிச்ச தண்ணியை நாத்துக்கு விட்டா இலை நுனி கருகிடும். பிறகு மழை வந்துதான் சரியாகணும்."

வந்த பிறகு பையன்கிட்ட சொல்லி இதைப் பத்திப் படிச்சேன். விஷயம் இதுதான். தீவுல பெய்யிற மழையை மணல் உறிஞ்சிக்குது. அடியில நாலு பக்கமும் கடல் தண்ணி ஊறி நிக்குது. நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம். அதனால மழைத்தண்ணி கடல் தண்ணிக்கு மேலே மிதந்துக்கிட்டு நிக்குது, சாம்பார் மேலே எண்ணெய் நிக்கிற மாதிரி. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு. ஹாலந்துக்காரர் ஒருத்தரும் ஜெர்மன்காரர் ஒருத்தரும் நூறு வருஷத்துக்கு முன்னேயே கண்டுபிடிச்சது. அதையே திருப்பிப் போடுங்க. மேலே ஒரு அடி குறைச்சா, கீழே உப்பு 40 அடி ஏறி வரும். மோட்டார் போட்டு ஒரே இடத்துல வேகமா இழுத்தா, கீழே இருந்து உப்பு கூம்பு மாதிரி எழும்பிக் கிணத்துக்குள்ளேயே வந்துடும். வருஷம் பூரா ஓடுற ஆறு இல்லாத யாழ்ப்பாணத்துல நம்ம தமிழ் ஜனங்க கிணத்தை வெச்சே தோட்டம் செய்யிறாங்களே, அதுக்கு அடியிலயும் இந்தக் கணக்குதான். லட்சத்தீவு, மாலத்தீவு எல்லாம் இப்படி மிதக்கிற தண்ணியைக் குடிச்சு வளர்ந்த ஊருங்கதான்.

நாத்துக்காரர் இதெல்லாம் படிச்சவர் இல்ல. அவருக்குத் தெரிஞ்சது அரை மணி நேரம். அது போதும்.

மறுநாள் விடிகாலையில கோயில். அக்னி தீர்த்தம்னு சொல்ற கடல்ல முழுகிட்டு, உள்ளே 22 தீர்த்தத்துலயும் குளிச்சோம். தீர்த்தம்னா பெரும்பாலும் கிணறுதான். மேலே நிக்கிற ஆளு வாளியில இறைச்சுத் தலையில ஊத்துறார். ஈரத் துணியோட ஒவ்வொண்ணா ஓடணும். வீட்டுக்காரம்மா சாமி கும்பிட்டுக்கிட்டே வந்துச்சு. நான் ஒவ்வொரு கிணத்துலயும் ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பார்த்துக்கிட்டே போனேன். ஒண்ணு கொஞ்சம் கரிக்குது, ஒண்ணு நல்லா இருக்குது, ஒண்ணு சப்புனு இருக்குது. கடல் பக்கத்துலயே, ஒரே மதிலுக்குள்ளே, இத்தனை கிணறு. பெரிய பிரகாரத்துத் தூணுங்களைப் பார்த்து எல்லாரும் வாயைப் பொளக்குறாங்க, பொளக்க வேண்டியதுதான், ஆயிரத்துக்கு மேலே தூணு. ஆனா அதே இடத்துல இத்தனை நல்ல தண்ணிக் கிணறு தோண்டி, வாளியில மட்டுமே இறைக்கிற வழக்கம் வெச்சாங்களே, அவங்களையும் ஒரு கும்பிடு போட்டேன்.

தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம்னு ஒண்ணு இருக்குது. கடலுக்குள்ளே கொஞ்ச தூரம் நடைபாலம் கட்டி, அந்தக் கோடியில கிணறு. சுத்தி உப்புக் கடல், கிணத்துக்குள்ளே குடிக்கிற தண்ணி. சீதைக்குத் தாகம் எடுத்தப்போ ராமர் வில்லை ஊன்றினார், அங்கே நல்ல தண்ணி வந்துதுன்னு கதை. கதையை நம்புறவங்க நம்பட்டும். தாகத்துக்குத் தண்ணி கிடைச்ச இடத்தைச் சாமி இடமா வெச்சுக் காப்பாத்தினது புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன்.

சாயங்காலம் தனுஷ்கோடி போனோம். முன்னே மணல்ல வேன்ல குலுங்கிக்கிட்டுப் போகணுமாம். 2017-ல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடல். இடது கைப் பக்கம் குளம் மாதிரி அமைதி, அதைப் பெண் கடல்ங்குறாங்க. வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா, நாங்க போன நாள்ல எகிறி எகிறி அடிச்சுது, அது ஆண் கடல். என் வீட்டுக்காரம்மா ரெண்டையும் பார்த்துட்டு, "வீட்டுலயும் இப்படித்தான்"னு சொல்லிச்சு. மச்சான் சிரிச்ச சிரிப்பு அரிச்சல்முனைக்கே கேட்டிருக்கும்.

அந்தக் கோடியில நின்னா இலங்கையோட தலைமன்னார் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ஒரு காலத்துல சென்னை எழும்பூர்ல போட் மெயில் ஏறினா தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கே இருந்து கப்பல்ல தலைமன்னார், திரும்ப ரயில்ல கொழும்பு. ஒரே டிக்கெட்டு. ரயில்வே ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சர்ச், பள்ளிக்கூடம்னு முழு ஊரா இருந்த இடம். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல கடல் உள்ளே வந்துது. பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலு, நூத்துக்கு மேலே ஆளுங்களோட, அப்படியே கடலுக்குள்ளே போயிடுச்சு. ஊர் போச்சு. வாழ லாயக்கில்லாத இடம்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. இப்போ சர்ச்சோட சுவரும் ஸ்டேஷன் தூணும் மணல்ல நிக்குது. ஜனங்க அதுல சாய்ஞ்சு செல்ஃபி எடுக்குறாங்க.

ஆனா அங்கே இன்னமும் மீனவக் குடும்பங்க இருக்காங்க. ஓலைக் குடிசையில சங்கு, பாசி மணி விக்கிறாங்க, மீன் வறுத்துக் கொடுக்குறாங்க. ஒரு கடையில மீன் சாப்பிட்டுக் கை கழுவத் தண்ணி கேட்டோம். அந்த அம்மா ஒரு சொம்பு கொடுத்துச்சு. நல்ல தண்ணி. எங்கே இருந்து வருதுன்னு என் வீட்டுக்காரம்மா கேட்டுச்சு. "பின்னாடி ஊத்துதான், வாங்க"ன்னு கூட்டிட்டுப் போச்சு.

குடிசைக்குப் பின்னாடி மணல்ல ஒரு குழி. முழங்கால் ஆழம் கொஞ்சம் தாண்டும். அடியில ரெண்டு கை அளவு தண்ணி. கொட்டாங்குச்சியில மொண்டு குடத்துல ஊத்துது. மொண்டதும் கொஞ்ச நேரம் நிறுத்துது. ஊறின பிறகு திரும்ப மொண்டுது. அந்தக் குழிக்கு ரெண்டு பக்கமும் அலைச் சத்தம் கேக்குது.

"அக்கா, இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டினா சீக்கிரம் நிறையுமே?"ன்னு என் வீட்டுக்காரம்மா கேட்டுச்சு.

"தோண்டக் கூடாது தாயி. அவசரப்பட்டா உப்பு வந்துரும். அடுத்த வீட்டு ஊத்துலயும் உப்பு வந்துரும். பிறகு எல்லாரும் சண்டைக்கு வருவாக"ன்னுச்சு.

இதுதான் எனக்கு அந்தப் பயணத்துல கிடைச்சது. நாத்துக்காரர் சொன்னதும் அந்த அம்மா சொன்னதும் ஒண்ணுதான். அந்தத் தீவுல யாராவது அளவுக்கு மேலே தண்ணி எடுத்தா, மறுநாளே நாக்குல தெரிஞ்சுடும். அவனுக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். ஊரே வந்து கேக்கும். அதனால யாரும் சட்டம் போடாமலே அளவோட எடுக்குறாங்க. உப்புதான் அங்கே காவல்காரன்.

எங்க ஓசூர் பக்கம் அப்படி ஒரு காவல்காரன் இல்ல. எங்க பூமிக்கு அடியில கடல் இல்ல, பாறை. பாறை வெடிப்புல தண்ணி நிக்குது. ஆழத்துல இருக்கிற தண்ணி எந்தக் காலத்து மழையோ, மெதுவா மெதுவா இறங்கிச் சேர்ந்தது. அதை ஒருத்தர் ராத்திரி பூரா இழுத்தாலும் ருசி மாறாது. மறுநாள் யாருக்கும் தெரியாது. மறு வருஷம் பக்கத்துத் தோட்டத்துப் போர் நின்னு போகும். அவர் மழை சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் 200 அடி இறக்குவார். அப்புறம் இன்னொருத்தர். 60 அடி கிணறு 850 அடி போராக ரெண்டு தலைமுறை ஆச்சு. எச்சரிக்கை சொல்ல யாரும் இல்லாததால எச்சரிக்கையே கேக்கல. ஆத்துத் தண்ணியை எடுத்துக்கலாம்னா, தென்பெண்ணையில மேலே நகரத்துக் கழிவு கலந்து, கெலவரப்பள்ளி அணையில நுரை மலை மாதிரி பொங்குறதை டிவியிலயே எல்லாரும் பார்த்திருப்பீங்க.

திரும்பி வர்ற பஸ்ஸுல காலுக்கு அடியில நாத்துக் கட்டு. 30 சென்ட்டுக்கு நாலடிக்கு நாலடி இடைவெளி விட்டா 800 செடி. போக்குப் பார்க்கவும் சேர்த்து 850 வாங்கியிருந்தோம். திண்டுக்கல் தாண்டின பிறகு வீட்டுக்காரம்மாதான் பேச்சை எடுத்துச்சு.

"ஏங்க, லாரிக்காரருக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"நீ என்ன நினைக்கிறே?"

"ஃபீஸுக்கு ஆகும்னு நினைச்சேன். ஆனா அந்தக் கடைக்காரம்மா சொல்லிச்சே, அடுத்த வீட்டு ஊத்துலயும் உப்பு வரும்னு. நம்ம போர்ல ராத்திரி பூரா எடுத்தா கீழ் தோட்டத்துச் சின்னம்மா வீட்டுப் போர் என்ன ஆகும்? அவங்க ராகியை எப்படி எடுப்பாங்க?"

அதுக்கு மேலே நான் சொல்ல ஒண்ணும் இல்ல. வந்த மறுநாளே அவருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன். அவர் கோவிச்சுக்கல. "சரிண்ணா, பக்கத்துல வேற யார்கிட்டயாவது கேட்டுக்குறேன்"னார். அதுதான் எனக்குக் கவலை. நான் ஒருத்தன் வேண்டாம்னு சொன்னதால தண்ணி நின்னுடாது. எங்க நிலத்துக்கு அடியில இருக்கிற பாறைக்கு எல்லைக்கல் கிடையாது. தோட்டம் வெச்சிருக்கிற நாலஞ்சு பேர் இப்போ ஞாயித்துக்கிழமை உக்காந்து பேச ஆரம்பிச்சிருக்கோம். ராத்திரி லோடுக்கு யாரும் கொடுக்கக் கூடாதுன்னு ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தர் யோசிக்கணும்னார். அவருக்கும் கடன் இருக்குது, அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். பொண்ணு ஃபீஸுக்கு நகை பேங்க்ல இருக்குது. அதுதான் நிலைமை.

மல்லி எப்படி வெச்சேன்னு கேப்பீங்க, அதையும் சொல்லிடுறேன். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம் குழி எடுத்து ஒரு வாரம் ஆற விட்டு, தொழு உரமும் மேல் மண்ணும் கலந்து நிரப்பினேன். எங்க செம்மண்ணு தண்ணி பிடிக்கும்ங்கிறதால குழிக்கு ரெண்டு கூடை மணலும் சேர்த்தேன். நாத்து வந்த அன்னைக்கே நட்டாச்சு. ஜூன்ல இருந்து நவம்பருக்குள்ளே நடலாம். எங்க ஊர்க் குளிருக்குள்ளே வேர் பிடிச்சுடணும்னு அவசரம். 850-ல 37 பட்டுப்போச்சு, மீதி துளிர் விட்டாச்சு. இங்கே மார்கழி, தையில பூ நின்னு போகும், அதையும் தெரிஞ்சுதான் வெச்சேன். மச்சான் பக்கம் அளவுக்கு நமக்கு வராது. வர்றது போதும்.

சொட்டு நீருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். சிறு, குறு விவசாயிங்களுக்குத் தமிழ்நாட்டுல 100 சதவீத மானியம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக் எடுத்துட்டுத் தோட்டக்கலைத் துறை ஆபீஸுக்குப் போங்க. இன்னும் எழுதாதவங்க உடனே எழுதிடுங்க. அப்பா காலத்துக் கிணத்துல முளைச்ச வேப்பஞ்செடியை வெட்டிட்டு, ஷெட் கூரையில விழற மழைத்தண்ணியைக் குழாய் வெச்சு அதுக்குள்ளே விட்டிருக்கேன். முதல்ல சல்லியும் மணலும் போட்ட தொட்டியில வடிகட்டித்தான் இறங்குது. ஐப்பசி மழையில ஒரு ராத்திரியில நாலடி நின்னுது, மூணு நாள்ல பூமி குடிச்சுடுச்சு. அது எந்த வெடிப்புல போய், யார் போருக்குச் சேருதோ தெரியாது. சின்னம்மா வீட்டுப் போருக்கே போகட்டும்.

நாத்து வாங்கப் போறவங்களுக்கு ஒரு சேதி. தங்கச்சிமடத்துல நேர்ல போய், வேரைப் பார்த்து வாங்குங்க. இலை வாடினது, வேர் கருத்தது இருந்தா தள்ளிடுங்க. தனுஷ்கோடிக்குக் காலையிலேயே கிளம்பிடுங்க, பொழுது சாயிறதுக்கு முன்னே எல்லாரையும் திருப்பி அனுப்பிடுறாங்க. அங்கே மீன் சாப்பிட்டா, கை கழுவக் கொடுக்குற தண்ணியை வீணாக்காதீங்க. கொட்டாங்குச்சியில மொண்டு சேர்த்தது அது.

அடுத்த பதிவுல மல்லிக்கு முதல் வருஷம் கவாத்து பண்ணலாமா வேண்டாமான்னு எழுதுறேன். மச்சானும் நானும் இன்னும் அதுல சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்.